பட்டியலை ஒரே கோவையில் அமைத்தல்

மடக்கு என்னும் அமைப்பை முந்தைய அத்தியாயத்தில் பயின்ற வாசகர், ஒரு பட்டியலிலிருந்து வேறொரு பட்டியலை உண்டாக்கும் காரியம் தம் நிரல்களில் மீண்டும் மீண்டும் நேர்வதை இதற்குள் கவனித்திருப்பார். வெறும் பட்டியல் ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு, பழைய பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டிய மாற்றத்தைச் செய்து, புதிய பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவது அதற்கு வழக்கமான ஏற்பாடு. அது பிழையற்ற ஏற்பாடுதான். ஆயினும் பட்டியல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதையே விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போவதால், கடைசியில் கிடைக்கும் பட்டியல் எத்தகையது என்பதை எல்லா வரிகளையும் படித்து முடித்த பிறகு வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பைத்தான் மொழியில் இதே காரியத்தை ஒரு சதுர அடைப்புக்குள் முடித்துவிடும் பிரயோகம் ஒன்று உண்டு. லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்று நிரலாளர்கள் வழங்கும் அதனை இந்நூலில் பட்டியல் கோவை என்று குறிப்பிடுவோம்.

உதாரணங்களைப் படிக்குமுன் ஓர் ஏற்பாட்டைச் சொல்லிவிடுவது நலம். ஃபார், இன், இஃப், எல்ஸ் முதலான மொழியின் சொந்தச் சொற்களை இங்கே உச்சரிப்பை ஒட்டித் தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ரோமன் எழுத்துகளில்தான் தட்டச்சுச் செய்ய வேண்டும். மாறிகளுக்கு நாம் இடும் பெயர்களோ தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அவற்றை ஆட்சேபணையின்றி ஏற்றுக்கொள்கிறது.

ஒரு வாரத்தில் நாள்தோறும் பெய்த மழையின் அளவு மில்லிமீட்டரில் நம்மிடம் இருப்பதாகவும், அதனை அங்குலமாக மாற்ற விரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம். மடக்கைக் கொண்டு எழுதினால்:

    மழை = [0, 12, 1.5, 0, 45, 7, 0]
    அங்குலம் = []
    ஃபார் அளவு இன் மழை:
        அங்குலம்.அப்பெண்ட்(அளவு / 25.4)

பட்டியல் கோவையாக எழுதினால், முதல் வரி அப்படியே இருக்க, மற்ற மூன்றும் ஒன்றாகிவிடும்:

    அங்குலம் = [அளவு / 25.4 ஃபார் அளவு இன் மழை]

இக்கோவையில் இரண்டு அங்கங்கள் உள்ளன. ஃபார் என்னும் சொல்லுக்கு முன்னால் நிற்பது, புதிய பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைக் கூறும் தலைப்பகுதி. அதற்குப் பின்னால் நிற்பது, உறுப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கூறும் மூலப்பகுதி. புதிதாகக் கற்பவர்க்கு முதலில் சிரமம் தருவது இந்த வரிசைதான். ஏனெனில் அளவு என்னும் பெயர் இன்னதென்று அறிமுகமாகுமுன்பே தலைப்பகுதியில் அது உபயோகிக்கப்பட்டுவிடுகிறது. மழைப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் அளவையும் இருபத்தைந்து சொச்சத்தால் வகுத்த ஈவு என்று தமிழில் நாம் இயல்பாகச் சொல்லும்போது மூலம் முதலிலும் விளைவு கடைசியிலும் வருகின்றன. பைத்தானிலோ விளைவு முன்னே வந்து நின்றுகொள்கிறது. ஆகவே எழுதும்போதும் படிக்கும்போதும் இடமிருந்து வலமாகவே போகவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை விட்டுவிட்டு, அடைப்பின் நடுவிலிருந்து தொடங்குவது நல்லது. சதுர அடைப்பைத் திறந்து மூடிவிட்டு, முதலில் ஃபார் பகுதியை எழுதுக. நிபந்தனை ஏதேனும் இருந்தால் அதன்பின் எழுதுக. தலைப்பகுதியை எல்லாவற்றிற்கும் கடைசியாக நிரப்புக. இப்பழக்கம் கைவந்தவர்க்குக் கோவையில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

விளைவை முன்வைத்து மூலத்தைப் பின்வைக்கும் இந்த வரிசை கணித சாஸ்திரத்திலிருந்து வந்தது. இன்ன குணமுடைய எல்லா எண்களின் கணம் என்று கணத்தை அதன் லட்சணத்தால் வரையறுக்கும் வழக்கம் கணிதரிடையே நெடுங்காலமாக இருக்கிறது. அதனை நிரல் மொழிகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் டேவிட் டர்னர் என்னும் ஆங்கிலேயர், கணக் கொள்கைக்கு அடிப்படை விதிகள் வகுத்த செர்மேலோ, ஃபிரெங்கல் என்ற இரு கணிதரின் பெயர்களால் அதனை அழைத்தார். இப்போது வழங்கும் பெயரைச் சூட்டியவர் ஃபிலிப் வாட்லர். ஹாஸ்கல் என்னும் மொழியில் சிறப்பாக அமைந்திருந்த இந்தப் பிரயோகம், ஹாலந்து தேசத்தவரான கைடோ வான் ரோஸ்ஸம் 1991இல் வெளியிட்ட பைத்தானின் முதற் பதிப்பில் இடம்பெறவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான பைத்தான் 2.0 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. கணிதக் குறியீட்டில் செங்குத்துக் கோடும் விசேஷக் குறிகளும் இருக்கும் இடத்தில் பைத்தான் ஃபார், இன் என்னும் தன் பழைய சொற்களையே வைத்துக்கொண்டது, ஆரம்ப மாணவர்க்குச் செய்த பெரிய உபகாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நிபந்தனைக்கு வருவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்த நாளே மழைநாள் எனப்படும். நம் பட்டியலில் மழைநாட்களின் அளவுகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றை அங்குலமாக்கி, இரண்டு தசம ஸ்தானங்களுக்குத் திருத்தவும் வேண்டுமானால்:

    [ரவுண்ட்(அளவு / 25.4, 2) ஃபார் அளவு இன் மழை இஃப் அளவு >= 2.5]

விடையாக [0.47, 1.77, 0.28] என்னும் பட்டியல் கிடைக்கும். ஏழு உறுப்புகள் மூன்றாகச் சுருங்கியிருப்பதைக் கவனிக்கவும். இங்கே நினைவில் நிறுத்தவேண்டியது, நிபந்தனை முதலிலும் தலைப்பகுதி பிறகுமாகச் செயல்படுகின்றன என்பது. நிபந்தனையைக் கடக்காத உறுப்பைத் தலைப்பகுதி ஒருபோதும் காண்பதில்லை. இது அற்ப விஷயம் போலத் தோன்றினும், கோப்பிலிருந்து படித்த வரிகளைக் கையாளும்போது இதன் அருமை விளங்கும். மழையளவுகள் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்க, இடையிடையே வெற்று வரிகளும் கலந்திருக்குமானால், அந்த வெற்று வரியை எண்ணாக மாற்ற முயலும் கணத்தில் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆனால்,

    அளவுகள் = [ஃப்ளோட்(வரி) ஃபார் வரி இன் வரிகள் இஃப் வரி.ஸ்ட்ரிப்()]

என்று எழுதினால், ஓரங்களிலுள்ள இடைவெளிகளை நீக்கிய பின் எதுவும் மிஞ்சாத வரி நிபந்தனையிலேயே தடுக்கப்பட்டுவிடுவதால், ஃப்ளோட் என்னும் செயற்கூற்றிடம் அது போய்ச் சேர்வதே இல்லை. வெற்றுச் சரத்தைப் பைத்தான் பொய்யெனக் கொள்ளும் என்று முன்னரே படித்தோம். அந்த விதி இங்கே பயன்படுகிறது. கோப்புகளோடு பழகும் நிரலாளர் அடிக்கடி எழுதும் வரிகளுள் இதுவும் ஒன்று. வாசகர் இதனை மனப்பாடம் செய்துகொண்டாலும் நஷ்டமில்லை.

தமிழெழுத்துகளைக் கையாள விரும்புவோர்க்கும் இதே நிபந்தனை ஒரு நல்ல கருவியாகிறது. "தமிழ்" என்னும் சரத்தின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். யூனிகோடு ஏற்பாட்டில் இகரத்தின் விலங்கும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுவதே காரணம். அத்தகைய சார்புக் குறிகளின் வகைப்பெயர்கள் எல்லாம் எம் என்னும் ரோமன் எழுத்தில் தொடங்குவதால், அவற்றை விலக்கிவிடலாம்:

    இம்போர்ட் யூனிகோட்டேட்டா
    சொல் = "தமிழ்"
    எழுத்துகள் = [குறி ஃபார் குறி இன் சொல்
                  இஃப் யூனிகோட்டேட்டா.கேட்டகரி(குறி)[0] != "எம்"]

இப்பட்டியலில் த, ம, ழ என்னும் மூன்றே எஞ்சும். அதன் நீளம் நாம் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைத் தரும். ஆய்தமும் தனியெழுத்தாகவே எண்ணப்படும். ஆனால் க்ஷ போன்ற கூட்டெழுத்தை இம்முறை இரண்டாகவே எண்ணும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடசொற்கள் மலிந்த பழைய நடையை அளக்கப் புகுவோர் அதற்கு வேறு உபாயம் தேட வேண்டியதுதான். மேற்கண்ட கோவை இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருப்பதையும் காண்க. அடைப்பு மூடப்படும் வரையில் எங்கு வேண்டுமானாலும் வரியை முறித்துக்கொள்ளப் பைத்தான் இடம்தருகிறது; ஃபார், இஃப் என்னும் சொற்களுக்கு முன்னால் முறிப்பது கண்ணுக்கு இதமானது.

இஃப் என்னும் சொல்லுக்கு இருவேறு ஸ்தானங்கள் இருப்பது ஆரம்ப மாணவர் பலரைத் தடுமாறச் செய்கிறது. மூலப்பகுதிக்குப் பின் நிற்கும் இஃப், உறுப்பை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கிறது. தள்ளப்பட்டதற்கு மாற்றாக எதையும் வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லாததால், அதன்பின் எல்ஸ் வருவதற்கும் இடமில்லை. எந்த உறுப்பையும் தள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்புகளில் ஒன்றை வழங்குவதே நோக்கமானால், இஃப்பும் எல்ஸும் சேர்ந்து தலைப்பகுதிக்குள் வரவேண்டும்:

    ["மழைநாள்" இஃப் அளவு >= 2.5 எல்ஸ் "வறள்நாள்" ஃபார் அளவு இன் மழை]

இதன் விடையில் ஏழு உறுப்புகளும் இருக்கும். விடையின் நீளம் மூலத்தின் நீளத்திற்குச் சமமாக இருக்கவேண்டுமா, குறையலாமா என்று எழுதுமுன் தம்மையே கேட்டுக்கொள்பவர், இஃப்பை எங்கே வைப்பது என்பதில் பிழை செய்யமாட்டார்.

இதுவரை கூறியவற்றில் பட்டியல் கோவை ஒரு சௌகரியமே. மடக்கிலும் அவற்றைச் செய்திருக்கலாம். பிழையிலிருந்து நம்மைக் காக்கும் சந்தர்ப்பங்களும் அதற்கு உண்டு. ஒரு பட்டியலிலிருந்து பூஜ்யங்களை அகற்ற விரும்பிய ஒருவர், அப்பட்டியலின் மீதே மடக்கை ஓட்டி, பூஜ்யத்தைக் கண்ட இடத்தில் ரிமூவ் என்னும் செயலால் நீக்க முற்படுவது மிகவும் இயல்பு. [0, 0, 12] என்னும் பட்டியலில் அவ்வாறு செய்து பார்த்தால் [0, 12] மிஞ்சுகிறது. முதல் பூஜ்யம் நீங்கியவுடன் இரண்டாவது பூஜ்யம் முதலிடத்திற்கு நகர்ந்துவிட, மடக்கோ இரண்டாம் இடத்திற்குப் போய்விடுகிறது. நகர்ந்து வந்த பூஜ்யத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. மடக்கு ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலையே மாற்றுவதால் விளையும் இக்குழப்பத்திற்குப் பட்டியல் கோவையில் இடமில்லை:

    மழை = [அளவு ஃபார் அளவு இன் மழை இஃப் அளவு != 0]

பழைய பட்டியலைத் தொடாமல் புதியது ஒன்று முழுமையாகத் தயாரான பின்னரே மழை என்னும் பெயர் அதற்கு மாற்றப்படுகிறது.

இதனினும் நுட்பமானது இரட்டைப் பட்டியல் விவகாரம். மூன்று வரிசையும் மூன்று நெடுவரிசையும் கொண்ட, பூஜ்யம் நிரம்பிய ஒரு பலகை வேண்டும் என்று கொள்வோம். [0] * 3 என்பது மூன்று பூஜ்யங்களைத் தருவதால், அதனையும் அடைப்பிலிட்டு மூன்றால் பெருக்கிவிடலாம் என்று தோன்றும்:

    பலகை = [[0] * 3] * 3
    பலகை[0][0] = 5

அச்சிட்டுப் பார்த்தால் மூன்று வரிசைகளிலுமே முதலிடத்தில் ஐந்து இருக்கும்! உண்மையில் வரிசை ஒன்றே ஒன்றுதான். பெருக்கல் அதனைப் பிரதியெடுக்கவில்லை, அந்த ஒன்றையே மூன்று முறை சுட்டும்படி செய்துவிட்டது. பட்டியல் கோவையோ தலைப்பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக மதிப்பிடுகிறது, ஆகையால்,

    பலகை = [[0] * 3 ஃபார் _ இன் ரேஞ்ச்(3)]

என்பது மூன்று தனித்தனி வரிசைகளைத் தருகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே வேண்டும், எண் வேண்டாம் என்பதற்கு அடையாளமாகவே மாறியின் இடத்தில் அடிக்கோடு இடுவது வழக்கம். உள்ளே உள்ள [0] * 3 என்பதைப் பெருக்கலாகவே விட்டிருக்கிறோமே என்று வாசகர் கேட்கலாம்; எண் மாற்றமில்லாத பொருளாதலால் அங்கே அபாயம் இல்லை.

ஃபார் இரண்டு வரும் கோவைகளும் உண்டு. வாரவாரியாகப் பிரித்து வைத்த அளவுகளை ஒரே நீண்ட பட்டியலாக்குவதற்கு,

    வாரங்கள் = [[0, 12], [45, 7]]
    [அளவு ஃபார் வாரம் இன் வாரங்கள் ஃபார் அளவு இன் வாரம்]

என்று எழுதவேண்டும். மடக்குக்குள் மடக்காக எழுதினால் எது வெளியில் வருமோ அது கோவையிலும் முதலில் வரும் என்பதே விதி. தலைப்பகுதி முன்னே வந்துவிட்ட காரணத்தால், மற்றவையும் தலைகீழாகவே வரவேண்டும் என்று மயங்கி ஃபார்களை இடம்மாற்றி எழுதுவோர் பலர். வாரம் என்னும் பெயர் அதுவரை இல்லையென்றால் பைத்தான் உடனே பிழை சொல்லிவிடும். அது நல்ல காலம். ஆனால் முன்பு ஓடிய ஏதோ ஒரு மடக்கில் வாரம் என்ற மாறி மிஞ்சியிருந்து, அதன் மதிப்பு [45, 7] ஆக இருந்துவிட்டால், பிழைச்செய்தி எதுவும் இன்றி [45, 45, 7, 7] என்னும் அபத்தமான விடை வந்து நிற்கும். நிரலை நிறுத்தாத பிழை, நிறுத்தும் பிழையைக் காட்டிலும் கொடியது. ஆகவே இரண்டு ஃபார் உள்ள கோவையை முதன்முறை எழுதுகையில் சிறு பட்டியல் ஒன்றைக் கொடுத்து விடையைக் கண்ணால் சரிபார்த்துவிடுவது அவசியம்.

இவ்விடத்தில் என் அபிப்பிராயத்தையும் கூறிவிடுகிறேன். ஒரு ஃபார், ஒரு இஃப் என்ற அளவில் நிற்கும் கோவை, படிப்பவர்க்கு ஒரு பார்வையில் விளங்குகிறது. இரண்டு ஃபார் வந்தால் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. மூன்று வந்தாலோ, எழுதியவரே அடுத்த மாதம் அதைப் படித்துத் தலையைச் சொறிந்துகொள்வார். கூகிள் நிறுவனம் தன் பைத்தான் நிரலாளர்க்கு வகுத்திருக்கும் நடைக் குறிப்பு இன்னும் கண்டிப்பானது. ஒரே கோவையில் பல ஃபார்களோ பல நிபந்தனைகளோ கூடாது என்கிறது. அவ்வளவு கண்டிப்பு வேண்டுமென்று நான் சொல்லவில்லை. பட்டியல்களின் பட்டியலை விரித்துச் சமதளமாக்கும் மேற்கண்ட உதாரணம் போன்றவை அனுமதிக்கத் தக்கவையே. ஆயினும் வரிகளைக் குறைப்பதையே சாமர்த்தியம் என்று கருதி, நல்ல மடக்கு ஒன்றைக் கசக்கி ஓர் அடைப்புக்குள் திணிப்பவர்கள், இந்தப் பிரயோகம் எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பிரயோஜனத்தையே கெடுத்துவிடுகிறார்கள். கோவை சற்று வேகமாக ஓடுகிறது என்பதும் மெய்யே. அப்பெண்ட் என்னும் செயலை ஒவ்வொரு சுற்றிலும் தேடி அழைக்க வேண்டிய வேலை இல்லாததால் காலம் சிறிது மிச்சமாகிறது. ஆனால் சில நூறு உறுப்புகளைக் கையாளும் நிரலில் அந்த மிச்சத்தை எவரும் உணரப்போவதில்லை. வேகத்தை முன்னிட்டுத் தெளிவைப் பலியிடுவது புத்திசாலித்தனமன்று.

இன்னொரு துஷ்பிரயோகம்: பட்டியல் வேண்டாத இடத்தில் பட்டியல் கோவையை எழுதுவது.

    [பிரிண்ட்(அளவு) ஃபார் அளவு இன் மழை]

இது அளவுகளை அச்சிடும் என்பது மெய்தான். ஆனால் பிரிண்ட் ஒவ்வொரு முறையும் நன் என்னும் இன்மைப் பொருளையே திருப்பித் தருவதால், பூஜ்யங்களை நீக்காத மழைப் பட்டியலானால் ஏழு நன்கள் அடங்கிய உதவாத பட்டியல் ஒன்றும் கூடவே உண்டாகிறது. ஊடாடும் திரையில் முயன்றால் அச்சிட்ட எண்களுக்குக் கீழே அதையும் காணலாம். ஒரு செயலைப் பல முறை செய்ய மடக்கு. ஒரு பட்டியலைப் பெறக் கோவை.

சதுர அடைப்பின் இடத்தில் நெளியடைப்பை இட்டால் பட்டியலுக்குப் பதிலாகக் கணம் கிடைக்கும். தலைப்பகுதியில் முக்காற்புள்ளியால் இணைத்த சோடியை வைத்தால் அகராதி கிடைக்கும். விதிகள் யாவும் முன்னவையே ஆதலால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. வளையடைப்பைப் பற்றி மாத்திரம் சிறிது சொல்லவேண்டும். 2004இல் வந்த பைத்தான் 2.4 பதிப்பிலிருந்து வளையடைப்புக்குள் எழுதும் இதே கோவை, பட்டியலை உண்டாக்காமல், கேட்கும்போது ஒவ்வோர் உறுப்பாக உண்டாக்கித் தரும் ஜெனரேட்டராகிறது. மழைநாட்களின் அளவுகளது மொத்தமே வேண்டுமென்றால்,

    சம்(அளவு ஃபார் அளவு இன் மழை இஃப் அளவு >= 2.5)

என்று எழுதினாற்போதும், கூட்டுவதற்காக இடையில் ஒரு பட்டியலைக் கட்டி உடனே எறியவேண்டிய தேவையில்லை. நம் ஏழு எண்களுக்கு இது பொருட்டன்று. பத்து லட்சம் உறுப்புகள் என்றால், 64 பிட் கணினியில் சுட்டிகளுக்கு மட்டுமே ஏறத்தாழ 80 லட்சம் பைட் நினைவகம் பட்டியலுக்கு வேண்டியிருக்க, ஜெனரேட்டருக்கோ எத்தனை உறுப்பானாலும் ஒரே சிறு இடம் போதும். ஆனால் அது ஒரு முறைதான் ஓடும். ஜெனரேட்டரை ஒரு மாறியில் வைத்து, ஒரு தரம் கூட்டிய பின் மறுபடியும் கூட்டச் சொன்னால், பிழை எதுவும் காட்டாமல் பூஜ்யம் என்று பதில் வரும். ஒரே தொகுதியின் மொத்தமும் சராசரியும் பெரும அளவும் வேண்டியிருக்கும் இடங்களில் சதுர அடைப்பையே இடுக.